ஜான் ஹோவர்ட் அதிக வாக்கு வாங்கியும் பெனலாங்கில் தோற்றது எப்படி? அது யாருடைய தொகுதி?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். 2007இல் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட், சொந்தத் தொகுதியான பெனலாங்கில் மற்ற எல்லாரையும்விட அதிக வாக்கு வாங்கியும் தோற்றது எப்படி? 2022இல் லேபர் கட்சி ஜெயித்த அதே தொகுதியை, 2025 தேர்தலுக்கு முன் பத்திரிகைகள் ‘லிபரல் தொகுதி’ என்று பட்டியல் போட்டது ஏன்? ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். பெனலாங் உண்மையில் எந்தக் கட்சியின் கோட்டை, பழைய முடிவுகளை வைத்து அதைச் சொல்ல முடியுமா என்பதே அது. ஆஸ்திரேலியத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாகப் படித்துப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எண்களில் சந்தேகம் இல்லாத இடங்களையும், காரணம் சொல்லும்போது ஊகம் கலக்கும் இடங்களையும் பிரித்தே சொல்கிறேன். இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

முதலில் சர்ச்சையில்லாத வரலாறு. ஆஸ்திரேலிய மக்களவையின் இடங்களை 75இலிருந்து 123ஆக உயர்த்தியபோது, சிட்னியின் வடக்குப் பகுதியில் பரமட்டா ஆற்றின் வடகரையை ஒட்டி 1949இல் உருவான தொகுதி பெனலாங். சிட்னிப் பகுதியின் பூர்வகுடிகளான ஈயோரா மக்களில் வாங்கல் குலத்தைச் சேர்ந்த பெனலாங் என்பவரின் பெயர் அது. 1813இல் இறந்த அவரைப் புதைத்த பட்னி என்ற இடம் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. முதல் உறுப்பினர் லிபரல் கட்சியின் ஜான் கிரேமர், 1949 முதல் 1974 வரை. அடுத்தவர் ஹோவர்ட், 1974 முதல் 2007 வரை. 58 ஆண்டுகளில் இரண்டே உறுப்பினர்கள், இருவரும் ஒரே கட்சி. அதன்பிறகு வந்த 18 ஆண்டுகளுக்குள் மூன்று பேரைப் பார்த்துவிட்டது: லேபரின் மேக்சின் மெக்யூ, லிபரலின் ஜான் அலெக்சாண்டர், லேபரின் ஜெரோம் லக்சால். 2007க்கு முன் லேபர் அங்கே ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இனி 2007 நவம்பர் 24. இறுதி எண்ணிக்கையில் செல்லத்தக்க வாக்குகள் 86,936. முதல் விருப்ப வாக்குகளில் ஹோவர்டுக்கு 39,551, அதாவது 45.49 சதவீதம். மெக்யூவுக்கு 39,408, அதாவது 45.33 சதவீதம். ஹோவர்ட் 143 வாக்கு முன்னால். இந்தியாவிலோ பிரிட்டனிலோ கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 1918 முதல் மக்களவைக்கு விருப்ப வரிசை முறை. வாக்காளர் சீட்டில் உள்ள எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவருக்கு முழு மதிப்போடு கொடுப்பார்கள். இப்படி இரண்டு பேர் மிஞ்சும்வரை போகும். இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கீழிருந்து ஒவ்வொருவராக நீக்குவார்கள். அதனால் மூன்றாவதாக இருப்பவர் மற்றவர்களின் விருப்ப வாக்குகளால் மேலே ஏறி இரண்டாமிடத்தைப் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பெனலாங்கில் அந்தச் சிக்கல் எழவில்லை.

ஹோவர்டும் மெக்யூவும் தவிர மற்ற வேட்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியது 7,977 வாக்குகள். அதில் 4,811 கிரீன்ஸ் கட்சிக்கு. அந்த 7,977 சீட்டுகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதில்தான் முடிவு இருக்கிறது. மெக்யூவுக்கு 5,277, ஹோவர்டுக்கு 2,700. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லேபருக்கு. இறுதிக் கணக்கு மெக்யூ 44,685, ஹோவர்ட் 42,251. வித்தியாசம் 2,434. சதவீதத்தில் 51.40க்கு 48.60. நாடு முழுவதும் கிரீன்ஸ் வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் லேபரை லிபரலுக்கு முன்னால் வைப்பது வழக்கம். அந்த விகிதத்தை இங்கே போட்டுப் பார்த்தால் கிரீன்ஸ் சீட்டுகளில் 3,850 வரை மெக்யூவுக்கு வந்திருக்கும். மிச்சமுள்ள சின்ன வேட்பாளர்களின் வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே அவருக்குக் கிடைத்திருக்கும். இந்தப் பிரிப்பு என் கணக்கு, அதிகாரபூர்வ எண் அல்ல. முந்தைய எண்கள் அதிகாரபூர்வமானவை.

‘அதிக வாக்கு வாங்கியும் தோற்றார்’ என்று சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் விருப்பம் என்பது பாதிக் கணக்கு. ஹோவர்டா மெக்யூவா என்று நேருக்கு நேர் கேட்டால் தொகுதியில் எத்தனை பேர் யாருக்கு என்பதே இறுதிக் கணக்கு, அதில் மெக்யூதான் அதிகம் வாங்கினார். பதவியில் இருக்கும் பிரதமர் சொந்தத் தொகுதியை இழந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1929இல் ஃபிளிண்டர்ஸ் தொகுதியில் ஸ்டான்லி புரூஸ். தேர்தல் இரவிலேயே ஹோவர்ட் தன் தொகுதியும் பெரும்பாலும் போய்விட்டது என்று சொன்னார். உறுதியாக டிசம்பர் ஆனது. தபால் வாக்குகள் வந்து சேர வாக்குப்பதிவு முடிந்து 13 நாள் அவகாசம் உண்டு. அதுவரை முழு விருப்பப் பகிர்வைத் தொடங்கவே முடியாது. இரவில் தொலைக்காட்சியில் காட்டும் இரு வேட்பாளர் எண்ணிக்கை, தேர்தல் ஆணையம் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இரண்டு பெயர்களுக்கு இடையே சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் தற்காலிகக் கணக்கு. அந்த இரண்டு பெயர்களில் ஒன்று தவறிவிட்டால் மொத்தத்தையும் மறுபடி பிரிக்க வேண்டும். சுயேச்சைகள் பலமாக நிற்கும் தொகுதிகளில் இது நடப்பதுண்டு.

அடுத்து, ஏன் தோற்றார்? தொழிலாளர் சட்டத் திருத்தம், வட்டி விகிதம், பன்னிரண்டு ஆண்டு நெருங்கிய ஆட்சியின் மேல் அலுப்பு, தொலைக்காட்சியில் நன்கு தெரிந்த முகமான மெக்யூ, தொகுதிக்குள் பெருகிய ஆசியக் குடும்பங்கள் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ உண்மை இருக்கலாம். ஆனால் எதையும் எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் லேபர் பக்கம் சாய்ந்தது 5.44 சதவீதப் புள்ளி. பெனலாங்கில் சாய்ந்தது 5.53. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அதாவது பெனலாங் மக்கள் பிரதமரைத் தனியாகப் பழிவாங்கவில்லை. மற்ற ஆஸ்திரேலியர்கள் செய்ததையே அவர்களும் செய்தார்கள். தொகுதி எல்லை 2006இல் மாறிய பிறகு ஹோவர்டின் மதிப்பிடப்பட்ட பாதுகாப்பு விளிம்பு 4.1 புள்ளிதான். நாட்டின் அலையே 5.4 என்றால் 4.1 விளிம்புள்ள தொகுதி விழத்தானே செய்யும்? மெக்யூவின் பிரபலம் அவருக்கு 2 புள்ளி கூட்டியிருக்கலாம், பிரதமர் என்ற அந்தஸ்து ஹோவர்டுக்கு 2 புள்ளி கூட்டியிருக்கலாம், இரண்டும் சமமாகி வெளியே தெரியாமல் போயிருக்கலாம். அதைப் பிரித்தெடுக்க எண்களில் வழியில்லை. மெக்யூ இல்லாவிட்டால் ஹோவர்ட் தப்பியிருப்பார் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இங்கே விளிம்பு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலரும் வழுக்குகிற இடம் இது. 54.1க்கு 45.9 என்றால் இடைவெளி 8.2. ஆனால் விளிம்பு 4.1தான். ஒருவர் மனம் மாறினால் ஒரு பக்கம் ஒன்று குறைந்து மறுபக்கம் ஒன்று கூடும், ஆக நூறில் நாலு பேருக்குச் சற்று மேல் மாறினால் போதும். 2007இன் 2,434 வாக்கு வித்தியாசத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1,218 பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஹோவர்ட் ஜெயித்திருப்பார்.

2004ஐயும் 2007ஐயும் முதல் விருப்ப வாக்கை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் இதைவிடப் பெரிய வழுக்கல். 2004இல் லேபருக்கு 28.4 சதவீதம், 2007இல் 45.3. பதினேழு புள்ளி பாய்ச்சல்! மெக்யூ என்னும் சூறாவளி என்று எழுதத் தோன்றும். ஆனால் 2004இல் அங்கே கிரீன்ஸ் சார்பில் நின்றவர் ஆண்ட்ரூ வில்கி. உளவு மதிப்பீட்டு அலுவலகத்தில் பகுப்பாய்வாளராக இருந்து, ஈராக் போரை எதிர்த்து 2003இல் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தவர். பின்னாளில் டாஸ்மேனியாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குப் போனவரும் அவரே. ஹோவர்டை எதிர்த்தே நின்ற அவர் 16 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2007இல் அவர் இல்லை, கிரீன்ஸ் 5.5க்கு இறங்கியது. லேபரின் பதினேழு புள்ளியில் ஏறத்தாழ பதினொன்று இப்படி கிரீன்ஸ் குறைந்ததற்கு ஈடானது. அந்த வாக்குகளில் பெரும்பங்கு 2004இலும் விருப்ப வரிசையில் லேபரிடம்தான் வந்து சேர்ந்திருந்தது. ஹோவர்டின் முதல் விருப்பம் உண்மையில் சரிந்தது 4.3 புள்ளி மட்டுமே. ஆகவே இந்தத் தொகுதியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமென்றால் இரு கட்சி இறுதி விகிதத்தை எடுங்கள். முதல் விருப்பத்தை அந்தந்த ஆண்டில் யார் யார் நின்றார்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி எல்லைகள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் முழுக்க இங்கேதான். 1949இன் பெனலாங்கும் 2007இன் பெனலாங்கும் ஒரே பெயர் கொண்ட இரண்டு நிலப்பரப்புகள். தொடக்கத்தில் ரைடு, ஹண்டர்ஸ் ஹில், லேன் கோவ் பகுதிகள். அடுத்தடுத்த மறுவரையறைகளில் தொகுதி மெல்ல மேற்கும் வடமேற்குமாக நகர்ந்து ஈஸ்ட்வுட், எப்பிங், எர்மிங்டன் பக்கம் போனது. ஆற்றோரத்து வசதியான, லிபரலுக்கு வாக்களிக்கும் பகுதிகள் கைவிட்டுப் போயின. கலவையான பகுதிகள் வந்து சேர்ந்தன. ‘58 ஆண்டு லிபரல் கோட்டை 2007இல் உடைந்தது’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கோட்டையின் சுவர் ஒவ்வொரு மறுவரையறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது மறுபாதி.

மறுவரையறை யாருடைய சதியும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகைப்படி எத்தனை இடம் என்று கணக்கிடுகிறார்கள். எண் மாறினால் கோடுகளை மறுபடி போட்டாக வேண்டும். மாறாவிட்டாலும் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் மாநிலச் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, வருங்காலத்துக்கு மதிப்பிட்ட எண்ணிக்கை 3.5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கோடு போடும் குழு வாக்கு விவரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. சிட்னி அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் நாட்டின் சராசரியைவிட மெதுவாக வளர்வதால் தொடர்ந்து இடம் இழந்துவந்திருக்கிறது: 2006இல் 50இலிருந்து 49, 2009இல் 48, 2016இல் 47, 2024இல் 46. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தொகுதி கலைந்து, அதன் நிலம் அக்கம்பக்கத்துக்குப் பகிரப்படுகிறது.

2024இல் கலைந்தது நார்த் சிட்னி. அதிலிருந்து ஹண்டர்ஸ் ஹில், லேன் கோவ் பகுதிகள் பெனலாங்குக்கு வந்தன, மேற்கே சில பகுதிகள் போயின. 1949இல் இருந்த நிலம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். புதிய எல்லைக்குள் வரும் வாக்குச்சாவடிகளின் 2022 வாக்குகளைக் கூட்டிப் பார்த்ததில் லிபரலுக்கு 0.04 சதவீதம் சாதகம் என்று வந்தது. அதனால்தான் ‘லிபரல் தொகுதி’ என்று பட்டியல் போட்டார்கள். லக்சால் 2022இல் ஜெயித்தது பொய்யில்லை, பட்டியலும் பொய்யில்லை. ஆனால் 0.04 என்ற எண்ணுக்கு எந்த எடையும் கொடுக்க முடியாது. வாக்குச்சாவடியில் போட்ட வாக்குக்கு இடம் தெரியும். தபாலிலும், வேறு தொகுதியில் இருந்துகொண்டும், முன்கூட்டியும் போட்ட வாக்கு எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று தெரியாது. அதை விகிதம் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். நார்த் சிட்னியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2022இல் அங்கே ஜெயித்தவர் சுயேச்சை கைலியா டிங்க். அங்கே நிஜப் போட்டி லிபரலுக்கும் அவருக்கும் இடையில். பெனலாங் கணக்குக்கு வேண்டியதோ லிபரலா லேபரா என்ற பிரிப்பு. அப்படிப்பட்ட தொகுதிகளுக்கும் ஆணையம் லேபர், லிபரல் அணிகளுக்கு இடையே தனியாக ஒரு கணக்கு எடுக்கிறது. அதில் டிங்குக்கு 1 போட்டுவிட்டு, கீழே எங்கேயோ லேபருக்கு மேலே லிபரலை வைத்த சீட்டும் ‘லிபரல் வாக்கு’ ஆகிவிடும். அந்த வாக்காளர் அடுத்த தேர்தலில் லிபரலுக்குப் போடுவார் என்று அதற்குப் பொருள் இல்லை.

2025 மே 3இல் அது தெரிந்துபோனது. லக்சால் 59 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கினார். 0.04 பின்னால் என்று கணக்கிடப்பட்ட இடத்திலிருந்து 9 புள்ளிக்கு மேல் பாய்ச்சல். நாட்டின் சராசரி அலை அப்போது சுமார் 3 புள்ளிதான். அதே இரவில் எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் குவீன்ஸ்லாந்தின் டிக்சன் தொகுதியைப் பறிகொடுத்தார். கூட்டாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் சொந்தத் தொகுதியை இழந்தது அதுவே முதல் முறை.

2007க்கும் 2025க்கும் இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2010இல் முன்னாள் டென்னிஸ் வீரரான ஜான் அலெக்சாண்டர் 53.12 சதவீதம் வாங்கி மெக்யூவைத் தோற்கடித்தார். இதையும் மெக்யூவின் தனிப்பட்ட தோல்வி என்று எழுதினார்கள். ஆனால் பெனலாங்கில் நடந்த சரிவு சுமார் 4.5, நியூ சவுத் வேல்ஸ் முழுக்க நடந்தது சுமார் 4.8. மறுபடியும் தொகுதி ஊரோடுதான் ஒத்துப் போயிருக்கிறது. 2013இல் அலெக்சாண்டருக்கு 57.76. உண்மையில் கவனிக்க வேண்டிய ஆண்டு 2016. நாடு சுமார் 3 புள்ளி லேபர் பக்கம் சாய்ந்தபோது, பெனலாங் எதிர்த்திசையில் ஏறத்தாழ 2 புள்ளி போய் அலெக்சாண்டருக்கு 59.72 கொடுத்தது. உறுப்பினருக்கென்று தனிச் செல்வாக்கு இருந்ததற்கு இந்தத் தொகுதி வரலாற்றில் எனக்குத் தெரிந்த தெளிவான சான்று இதுதான்.

2017 டிசம்பர் 16 இடைத்தேர்தலைப் பொதுத்தேர்தல் வரிசையில் சேர்க்காதீர்கள். அலெக்சாண்டருக்குத் தந்தை வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அரசியல் சாசனத்தின் 44ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமையாளரை உறுப்பினராக அனுமதிப்பதில்லை. அதனால் அவர் விலகி மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர் நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் முதல்வர் கிறிஸ்டினா கெனலி. அலெக்சாண்டர் 54.88 வாங்கி ஜெயித்தார், 4.84 சரிவு. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக்கு இந்த அளவு அடி விழுவது வழக்கம்தான். 2019இல் விகிதம் 56.91க்கு மீண்டுவிட்டதே அதற்குச் சாட்சி.

2022இல் அலெக்சாண்டர் ஓய்வு பெற்றார். ரைடு நகர முன்னாள் மேயரான லக்சால் 50.98 சதவீதத்தில் ஜெயித்தார். அந்த முறையும் முதல் விருப்பத்தில் முன்னால் இருந்தது லிபரல் வேட்பாளர்தான். 2007இல் நடந்தது விதிவிலக்கு அல்ல என்பதற்கு அதே தொகுதியிலேயே இன்னொரு சான்று. ஆனால் இந்த முறை தொகுதி ஊரோடு போகவில்லை. நாட்டின் அலை 3.66, பெனலாங்கில் 7.89, இரண்டு மடங்குக்கும் மேல். இங்கேதான் தொகுதிக்கே உரிய காரணம் தேட வேண்டும். கையில் இருப்பவை இரண்டு. அலெக்சாண்டருக்கு இருந்த தனிச் செல்வாக்கு அவரோடு போய்விட்டது என்பது ஒன்று. சீன வம்சாவளி வாக்காளர்கள் லிபரலை விட்டு விலகினார்கள் என்பது மற்றது. ஈஸ்ட்வுட், எப்பிங் பகுதிகளில் சீன, கொரியக் குடும்பங்கள் அதிகம். சீன வம்சாவளியினர் நாட்டிலேயே மிகுதியாக உள்ள தொகுதிகளில் பெனலாங் ஒன்று. லிபரல் கட்சியே தேர்தலுக்குப் பின் வெளியிட்ட ஆய்வறிக்கை, அத்தகைய முதல் பதினைந்து தொகுதிகளில் தங்களுக்கு எதிரான சரிவு 6.6 புள்ளி என்றும், மற்ற இடங்களில் 3.7 என்றும் சொன்னது.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை அவசியம். தொகுதி முடிவு தொகுதியைப் பற்றிப் பேசும், தனி மனிதரைப் பற்றிப் பேசாது. சீனக் குடும்பங்கள் அதிகமுள்ள இடத்தில் சரிவு அதிகம் என்பது உறுதி. சரிந்த வாக்குகள் அவர்கள் போட்டவையே என்பது வலுவான ஊகம், அவ்வளவுதான். ரகசிய வாக்கெடுப்பில் யார் எப்படிப் போட்டார் என்று எந்தச் சாவடிக் கணக்கும் சொல்லாது. இந்தக் குடியேறிகளை ஒரே அணியாக நினைப்பதும் தவறு. மெக்யூ ஜெயித்த 2007இல் ‘ஆசிய வாக்குகள் லேபருக்கு’ என்று எழுதியவர்கள், அதே பகுதிகள் 2013, 2016இல் அலெக்சாண்டருக்கு அள்ளிக் கொடுத்ததை எப்படி விளக்குவார்கள்? 2017இல் ஒரே பாலினத் திருமணம் பற்றிய அஞ்சல் வாக்கெடுப்பில் நாடு 61.6 சதவீதம் ஆம் என்றபோது, பெனலாங் 50.2 சதவீதம் இல்லை என்றது. கட்சி வரிசையில் அடைக்க முடியாத தொகுதி இது.

நீங்களே இந்த வரலாற்றைப் படித்துப் பார்க்க விரும்பினால், 2004 முதலான முடிவுகள் ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் இணைய முடிவுக்கூடத்தில் சாவடி அளவுக்கு விவரமாகக் கிடைக்கின்றன. ஒரு ஆண்டைத் திறந்து பெனலாங்கைத் தேர்ந்தெடுங்கள். முதல் விருப்பப் பட்டியலைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அதன் கீழே இரு வேட்பாளர் இறுதிக் கணக்கு இருக்கும். விருப்பப் பகிர்வு என்ற தனிப் பக்கத்தில் யாரை எந்தச் சுற்றில் நீக்கினார்கள், அவர் சீட்டுகள் யாருக்கு எத்தனை போயின என்று சுற்றுச் சுற்றாக இருக்கும். ஒருவர் முதலிலேயே பாதியைத் தாண்டிவிட்டாலும் இந்தப் பகிர்வைக் கடைசி இருவர்வரை செய்து வெளியிடுகிறார்கள், ஆகவே எந்த ஆண்டுக்கும் ஒப்பிட எண் கிடைக்கும். ஆணையம் தரும் சாய்வு எண் மறுவரையறைக்குப் பிந்தைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டதா, போன தேர்தலின் நேரடி முடிவோடு ஒப்பிட்டதா என்று பாருங்கள். எல்லை மாறிய ஆண்டுகளில் முதலாவதுதான் சரி. பிறகு அதே ஆண்டின் தேசிய, மாநிலச் சாய்வை எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மிச்சமாக நிற்கும் வேறுபாட்டுக்கு மட்டுமே உள்ளூர்க் காரணம் தேடுங்கள். பெனலாங்கில் 2007க்கும் 2010க்கும் மிச்சம் ஏறத்தாழ பூச்சியம். 2016, 2022, 2025 மூன்றுக்கும் மிச்சம் பெரிது.

சாவடிவாரியாக ஒப்பிடும்போது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பெரும்பாலானோர் தேர்தல் நாளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களித்தார்கள். இப்போது ஏராளமானோர் முன்கூட்டிய வாக்களிப்பு மையத்தில் போட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட்வுட் பள்ளியின் 2007 எண்ணையும் 2022 எண்ணையும் ஒப்பிட்டு அந்தத் தெருக்கள் மாறிவிட்டன என்று சொன்னால், மாறியது தெருவா, அன்றைக்கு அங்கே வந்து வாக்களித்தவர்களா என்று தெரியாது. தபால் வாக்குகள் பொதுவாக லிபரல் பக்கமும், வேறு தொகுதியிலிருந்து போடும் வாக்குகள் லேபர், கிரீன்ஸ் பக்கமும் சாயும். ஆகவே வாக்கு வகைகளின் பட்டியலையும் சேர்த்தே பாருங்கள்.

மாநிலத் தேர்தல் முடிவுகளை இதோடு கலக்காதீர்கள். ரைடு, லேன் கோவ், எப்பிங் என்று மாநிலத் தொகுதிகள் தனி எல்லையில் இருக்கின்றன. விதியும் வேறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே வாக்கு செல்லும், அடுத்த எண்கள் அவரவர் விருப்பம். அந்தப் பழக்கத்தில் கூட்டாட்சித் தேர்தலிலும் 1 மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்களின் சீட்டு செல்லாததாகிவிடுகிறது. அங்கே கடைசியாக மிஞ்சும் ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விடலாம், மற்ற எல்லாவற்றுக்கும் எண் வேண்டும், ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. வேட்பாளர் பட்டியல் நீளும் ஆண்டுகளிலும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வாக்காளர் மிகுந்த சிட்னித் தொகுதிகளிலும் செல்லாத வாக்குகள் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெனலாங்கில் வாக்குரிமை உள்ள உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருந்தால் இந்த விதியைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். 2022இல் அங்கே நூற்றுக்கு ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

அப்படியானால் பெனலாங் யாருடையது? 2007 வரை லிபரலின் தொகுதி, அதில் தயக்கமே இல்லை. அதன் பிறகு இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லை. 59 சதவீதத்தைப் பார்த்துவிட்டு லேபர் கோட்டை என்று இப்போது எழுதுகிறவர்கள், அலெக்சாண்டரும் 2016இல் அதே 59ஐத் தொட்டார், ஆறே ஆண்டில் லேபர் அங்கே வந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். லக்சாலின் 9 புள்ளிப் பாய்ச்சலில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு 2025இன் லிபரல் வீழ்ச்சியுடையது, எவ்வளவு அந்த 0.04 மதிப்பீட்டின் கோளாறு என்று ஒரே தேர்தலை வைத்துப் பிரிக்க இயலாது. இதே எல்லைக்குள் இன்னொரு தேர்தல் நடந்தால் முதலில் ஹண்டர்ஸ் ஹில், லேன் கோவ் சாவடிகளைப் பாருங்கள். 2025இல் அங்கே லேபர் பக்கம் வந்தவர்கள் தங்குகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் நான் என் மதிப்பீட்டை மாற்றுவேன்.